பேரிக்காய் போன பிறகு

2002 ஆடியில் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்தார். அவர் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். டாங் பொடி, நிடோ பால் பவுடர், கோடாலித் தைலம், அப்பாவுக்கு நீளமான ஒரு டார்ச் லைட். அந்தத் தடவை எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகு, அடியிலிருந்து தங்க எழுத்து போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

“என்ன தம்பி இது?”

“செண்டு மதினி. பாரீஸ் செண்டு. எங்க மொதலாளி வீட்டம்மா இதத்தான் போடும். பேரு ஜடோரு.”

அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பூ வச்சுக்கிறவளுக்குச் செண்டு எதுக்குத் தம்பி?” என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், “நல்லாத்தான் இருக்கு, ஒரு நல்ல நாள்ல போட்டுக்கிறேன்” என்று சேர்த்துக்கொண்டாள். பெட்டி பீரோவுக்குள் போனது. கல்யாணப் பட்டுக்கு அடியில், அந்துருண்டைகளுக்குப் பக்கத்தில்.

அம்மா அப்படிக் கேட்டதில் தப்பில்லை. வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். விடிகாலை நாலு மணிக்கு அம்மாவும் அயித்தையும் மொட்டெடுக்க இறங்குவார்கள். சூரியன் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும். வெயில் பட்ட மொட்டு மார்க்கெட் போய்ச் சேருவதற்குள் வாயைத் திறந்துவிடும், திறந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள். சித்தப்பா கொண்டுவந்த துபாய் டார்ச் மறுநாளே அந்த வேலைக்குப் போய்விட்டது. அம்மா தன் தலைக்கென்று ஒரு கை மொட்டை மட்டும் ஈரத் துணியில் சுற்றி எடுத்துவைப்பாள். பகலெல்லாம் அது சும்மா கிடக்கும், வாசனையே இருக்காது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாழைநாரில் தொடுத்துச் சூடுவாள். இட்லிக் குண்டான் ஆவி விடும் நேரத்தில் வீடு முழுக்க அவள் தலைதான் மணக்கும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. பூ விலை படுத்துவிடும். அந்த மாதிரி நாட்களில் பூ செண்ட் கம்பெனிக்குப் போகும். எங்கள் ஊரில் ‘செண்ட் கம்பெனி வெலை’ என்றால் வசவு மாதிரி. ‘என்னடா, மாப்பிள்ளைய செண்ட் கம்பெனி வெலைக்குப் புடிச்சிருக்கீக’ என்று கேலி பேசுவார்கள். தையில் பனி விழுந்து பூ குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்துவந்தால் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் அதே மல்லிதான். கம்பெனி வேன் வந்து நிறுத்தி, மூட்டையாக எடைபோட்டு, துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பூ அதன்பிறகு என்ன ஆகிறது என்று அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

நான் அப்போது ப்ளஸ் டூ. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பீரோவைத் திறந்தேன். பாட்டிலைப் பார்த்ததும் கோயில் குடம் ஞாபகம் வந்தது. கீழே பருத்து, மேலே கழுத்து நீண்டு, கழுத்தைச் சுற்றிக் கம்பி வளையம் போலத் தங்க வரிகள். இடது மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அழுத்தினேன்.

பேரிக்காய்! நறுக்கின, தண்ணீர் வடிகிற பேரிக்காய். பாரீஸ் என்று சொன்னார்களே, இது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு அல்லவா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடைக்கானலிலிருந்து இறங்கிவருகிற பஸ்கள் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் மதுரைக்குப் போகும். வைகாசியில் பிளம்ஸும் பீச்சும், ஆடி ஆவணியில் பேரிக்காயும் கூடை கூடையாக பஸ்ஸோடு வரும். முகூர்த்த நாளில் எங்கள் பூ மூட்டையும் அதே பஸ்ஸில்தான் ஏறும். சீட்டுக்கு அடியில் பழக்கூடை, எஞ்சின் பக்கத்தில் ஈரச் சாக்கில் மல்லி, நடுவில் நாங்கள். அந்த பஸ்ஸை யாரோ வடிகட்டிப் பாட்டிலில் அடைத்த மாதிரி இருந்தது.

அம்மா வந்துவிடுவாளே என்ற பயத்தில் லைஃபாய் சோப்பைப் போட்டு மணிக்கட்டைத் தேய்த்தேன். பழம் போய்விட்டது. போய்விட்டதென்றுதான் நினைத்தேன். ராத்திரி பாயில் படுத்திருக்கும்போது மல்லிகை மணம் மூக்கருகில் வந்தது. அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள், அவள் தலைப்பூ என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா திண்ணையில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மணம் என் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஆறு வருஷம் கழித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியபோது அதே பாட்டிலை ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். பெயரை ‘ஜதோர்’ என்று சொல்ல வேண்டும், பிரெஞ்சில் ‘எனக்கு உயிர்’ என்பது போல ஒரு பொருள் என்று கடைப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். வெள்ளைப் பட்டைத் தாளில் அடித்து நீட்டினாள். கையில் அடிக்கச் சொன்னேன். தாளில் முகர்ந்து செண்ட் வாங்குவது, ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடிப்பது மாதிரி. தாளுக்குச் சூடு கிடையாது, எண்ணெய்ப் பசை கிடையாது, வேர்வை கிடையாது. “தேய்க்காதீங்க மேடம், வாசனை நசுங்கிடும்” என்றாள் அந்தப் பெண். அழகான பேச்சு. நடப்பது அதைவிடச் சாதாரணம்: தேய்த்தால் தோல் சூடேறும், முதலில் பறக்க வேண்டியது இன்னும் சீக்கிரம் பறந்துவிடும்.

அந்த வருஷமெல்லாம் அதைப் பற்றிப் படித்ததும் முகர்ந்ததும்தான் என் பொழுதுபோக்கு. தியோர் நிறுவனம் இதை 1999இல் வெளியிட்டது. கலவை செய்தவர் காலிஸ் பெக்கர் என்ற பெண். பாட்டிலை வடிவமைத்தவர் எர்வே வான் தெர் ஸ்த்ராத்தன். கழுத்து வளையங்கள் மசாய் பெண்களின் கழுத்தணியைப் பார்த்து வந்தவை. கோயில் குடம் இல்லை, ஆப்பிரிக்கா. இந்த வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பழமும் பூவும் கலந்தது என்பதுதான். முன்வரிசையில் பேரிக்காய், முலாம்பழம், பீச், ஆரஞ்சு வகைகள். நடுவில் பூக்கூட்டம். அடியில் கஸ்தூரி போன்ற ஒன்று, வனிலா, மரம்.

நடு வரிசையைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோமரோஸ் தீவின் இலாங் இலாங், துருக்கி ரோஜா, பிரான்சின் கிராஸ் ஊர் மல்லிகை, இந்தியாவின் சம்பாக் மல்லிகை. கிராஸ் மல்லிகை என்று ஊரெல்லாம் கொண்டாடுகிறார்களே, அதன் தாவரப் பெயரைத் தேடினால் நம்ம பிச்சிப்பூ. சம்பாக் என்பது மல்லி, எங்கள் தோட்டத்து மல்லி. அம்மா கதம்பத்தில் மல்லியையும் பிச்சியையும் மாற்றி மாற்றித் தொடுப்பாள். அதைத்தான் பாரீஸில் தொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் இருந்த ட்யூப்ரோஸ் நம் நிலச்சம்பங்கி. இலாங் இலாங் மட்டும் தெரியாத பெயராக இருந்தது. அதுவும் மனோரஞ்சிதமும் ஒரே குடும்பம், இரண்டும் சீத்தாப்பழத்துக்கு உறவு.

மனோரஞ்சிதம் என்றதும் அப்பத்தா வீட்டுக் கிணற்றடி வந்துவிட்டது. பச்சையாக இருக்கும்வரை அந்தப் பூவை யாரும் சீண்ட மாட்டார்கள், இலையோடு இலையாக மறைந்திருக்கும். மஞ்சளாகப் பழுத்ததும் தெருமுனை வரை அடிக்கும். எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை வரும் என்பாள் அப்பத்தா. நான் எப்போதும் பலாப்பழத்தை நினைப்பேன், வரும். அண்ணன் வாழைப்பழத்தை நினைப்பான், அவனுக்கும் வரும். ஒரு பூவைப் பறித்துச் சேலை மடிப்புக்குள் வைத்துவிட்டால் டிரங்குப் பெட்டியே மணக்கும். பழமும் பூவும் கலந்த மணத்தை 1999இல் யாரும் கண்டுபிடிக்கத் தேவைப்படவில்லை என்று எனக்கு ஒரு சின்னக் கர்வம்.

இதில் பழம் வேறு பூ வேறு என்று பிரிப்பதே சரியில்லை என்பதும் பிறகு புரிந்தது. மல்லிகை வகைகளின் மணத்தில் பெரும்பங்கு பென்சைல் அசிடேட். அதைத் தனியாக முகர்ந்தால் பாதி பூ, பாதி பேரிக்காயும் வாழைப்பழமும். மல்லிகையில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று இன்னொன்று உண்டு. அமெரிக்காவின் கான்கார்ட் திராட்சைக்கு மணம் தருவதும் அதுதான், அங்கே திராட்சை மிட்டாயில் அதைத்தான் சேர்க்கிறார்கள். இவற்றோடு இண்டோல். கெட்டியாக முகர்ந்தால் அந்துருண்டையும் கழிவும் சேர்ந்த நாற்றம். துளியினும் துளியாக இருந்தால் பூவுக்கு உடம்பு வந்துவிடும். ராத்திரி தலையிலிருந்து எடுத்துத் தலையணை ஓரம் போட்ட பூச்சரத்தை விடிகாலையில் முகர்ந்தவர்களுக்கு இண்டோல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம்.

ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்க ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ வேண்டும். முதலில் ஹெக்சேனில் ஊறவைத்து மெழுகு மாதிரி ஒன்றை எடுப்பார்கள், அதன் பெயர் கான்க்ரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் அப்சல்யூட். அப்பாவிடம் இதைப் போனில் சொன்னேன். “ஆயிரம் கிலோவா?” என்று கேட்டுவிட்டு அவர் ஏதோ மனக்கணக்குப் போட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, சாப்புட்டியா?” என்றார்.

என் தோலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கு நிமிஷக் கணக்கில் தெரியும். காலை எட்டேகாலுக்கு மாம்பலம் ஹாஸ்டலில் காதுக்குப் பின்னால் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. ஸ்டேஷன் படி ஏறும்வரை பேரிக்காயும் முலாம்பழமும் கூடவே ஓடிவரும். அந்த இருபது நிமிஷம் எனக்குப் பிடிக்காது. ரொம்பச் சிரித்துச் சிரித்துப் பேசுகிற சொந்தக்காரர் மாதிரி. மே மாதத்து வேர்வையோடு சேர்ந்தால் முலாம்பழம் கொஞ்சம் புளிக்கவும் செய்யும். ரயிலில் கூட்டம் நெரிக்கும்போது பழம் கழன்றுவிடும், ரோஜா தலைகாட்டும். ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறக்கும்போது, சரியாக நாற்பதாவது நிமிஷம், மல்லி வந்திருக்கும். அதற்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பத்தரை பதினொன்று வரை நன்றாக இருக்கும். மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தால் சாம்பார் ஜெயித்துவிடும். நாலு மணிக்கு மணிக்கட்டை மூக்கில் ஒட்டிவைத்து இழுத்தால் துவைத்து நிழலில் காயப்போட்ட துணி மாதிரி ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும்.

எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் பறக்கும், கனமானவை கடைசிவரை உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் இதன் சூத்திரம். ஆனால் எந்த வேகத்தில் என்பதைத் தோல்தான் முடிவு செய்கிறது. என்னுடையது வறண்ட தோல், பிடித்துவைக்கத் தெரியாது. பக்கத்து மேஜையில் இருந்த பாலக்காட்டுத் தோழி தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவள். ஒருநாள் என் பாட்டிலையே அவள் கையில் அடித்தேன். சாயங்காலம் வரை அவளிடம் பிளம்ஸ் மணந்தது, என்னிடம் பிளம்ஸ் வந்ததே கிடையாது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொன்று, நமக்கு வாசனை போய்விட்டது என்று தோன்றும்போது பல சமயம் அது போயிருக்காது. மூக்குக்குப் பழகிவிடும். அடியில் இருக்கும் கஸ்தூரி வகைகளில் சிலவற்றைச் சிலர் மூக்கு பிறவியிலிருந்தே உணராது. தனக்குத் தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்களை அதற்காகத்தான் மன்னிக்க வேண்டியிருக்கிறது.

2011 கார்த்திகையில் அப்பா போய்விட்டார்.

கருமாதியன்று அம்மாவின் தலையில் கொள்ளாத அளவுக்குப் பூ வைத்தார்கள். பிறகு எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. ‘இப்பல்லாம் யாரு பாக்குறா, நீ வச்சுக்கம்மா’ என்று நானும் அண்ணனும் எத்தனையோ தடவை சொன்னோம். “வேணாம்” என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அம்மா பேசவில்லை. ஆனால் தோட்டத்தை விடவில்லை. விடிகாலை நாலு மணிக்கு அந்தத் துபாய் டார்ச்சோடு இறங்குவாள். மடி கொள்ளாமல் மொட்டெடுத்து வருவாள். அயித்தைக்கும் மருமகளுக்கும் வாழைநாரில் தொடுத்துக் கொடுப்பாள். விரல் நுனியெல்லாம் மல்லி மணக்க, தலை வெறுமையாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஈரத் துணியில் ஒரு கை மொட்டைத் தனியாகச் சுற்றி வைக்கும் பழக்கம் மட்டும் கொஞ்ச காலம் போகவில்லை. சாயங்காலம் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, சாமி படத்துக்குப் போடுவாள்.

மறு வருஷம் பொங்கலுக்குப் போயிருந்தேன். நான் சென்னைக்குக் கிளம்புகிற அன்று பீரோவில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டாள்.

“உஞ் சித்தப்பா குடுத்த செண்டு... அது இன்னம் நல்லாருக்குமா?”

ஏறக்குறைய பத்து வருஷம் ஆகியிருந்தது. வெளிச்சமும் சூடும்தான் செண்டுக்கு எமன். அட்டைப்பெட்டிக்குள் இருந்ததால் வெளிச்சம் படவில்லை, ஆனால் ஒன்பது கோடைகள் பட்டிருந்தன. நிறம் கொஞ்சம் கருத்திருந்தது. எங்கே அடிக்க என்று கேட்டேன். அம்மா முதுகைக் காட்டித் திரும்பி நின்று கொண்டையைத் தூக்கிப் பிடித்தாள். பூச்சரம் தொங்குகிற இடம். பிடரியில் நல்லெண்ணெய் மினுமினுத்தது. ஒரு தடவை அழுத்தினேன்.

“என்னடி இது, பேரிக்கா வாட அடிக்கிது? கொடைக்கானல் பஸ்ஸுல ஏறுன மாதிரி இருக்கு.”

அவளிடம் நான் பன்னிரண்டாம் வகுப்பில் செய்த திருட்டைச் சொன்னதே கிடையாது. “இரும்மா, அது போகும்” என்றேன். பழசானதால் பழ வாசனையில் பாதி ஏற்கெனவே செத்துப் போயிருந்தது, சீக்கிரமே போனது. அம்மா அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சினாள். நான் பையைக் கட்டினேன். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. காபியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோலில் நான் ஒருநாளும் முகர்ந்திராத மல்லி அது. எண்ணெய் பிடித்துக்கொண்ட, கனமான, அவசரமில்லாத மல்லி.

“மொட்டுல எடுத்த வாசம் இல்ல இது” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “விரிஞ்ச பூ. ராத்திரி எட்டு மணிப் பூ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனிக்கு வாங்குகிற மொட்டை அவர்கள் உடனே ஊறப்போடுவதில்லை. பரப்பிவைத்து, பொழுது சாய்ந்து அது தானாக விரியும்வரை காத்திருந்து, ராத்திரியில்தான் சாறெடுக்கிறார்கள். மொட்டில் மணம் கிடையாதே. நான் புத்தகத்தில் படித்ததை அம்மா பிடரியிலிருந்து வந்த காற்றில் கண்டுபிடித்துவிட்டாள்.

அதன்பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும். 2013இல் தீர்ந்துபோய்ப் புதிதாக ஒன்று வாங்கிப் போனேன். விலை நானூறு ரூபாய் என்று சொல்லியிருந்தேன். அதற்கே “செண்ட் கம்பெனிக்காரன் நல்லாத்தான் சம்பாரிக்கிறான்” என்றாள். புது பாட்டிலில் பழம் முழு உயிரோடு இருந்தது, அம்மாவுக்குச் சகிக்கவில்லை. அதனால் ஒரு நேரக்கணக்கு வைத்துக்கொண்டாள். எங்காவது கிளம்ப வேண்டுமென்றால் அரை மணிக்கு முன்பே அடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். “இரு, பேரிக்கா போகட்டும்.”

அவளுக்கு இதில் ஒரே ஒரு குறை. “வாடவே மாட்டேங்குதுடி” என்பாள். விடிகாலைச் சரத்தின் அந்தப் பழுப்பு மணம் இதில் வரவே வராது. எட்டு மணிப் பூ எட்டு மணிப் பூவாகவே இருந்து, மெல்ல மெல்ல மறைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போய்விடும். குறையென்று சொன்னாளா வியந்து சொன்னாளா என்பது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியாது.

2013 ஆவணியில் வத்தலக்குண்டு மண்டபத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தி முடிந்து மணி ரெண்டு இருக்கும். கரண்டு போய், ஃபேன் நின்று, மண்டபமே வேர்த்துக் கொட்டியது. பெண்கள் தலையிலிருந்த பூவெல்லாம் காலையிலேயே விரிந்து, இப்போது துவண்டு பழுப்பேறித் தொங்கியது. அம்மா நாற்காலி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அயித்தை விசிறிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், திடீரென்று விசிறியை நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள்.

“யாருடி அது, இந்த வெக்கையில இன்னம் வாடாத மல்லி வச்சிருக்கவ?”

முன்வரிசையில் இருந்த நாலைந்து பேர் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அயித்தை ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் வெறும் கொண்டையையும் பார்த்தாள், தாண்டிப் போனாள்.

“கொடைக்கானல் பஸ்ஸுல வந்தவுக யாராச்சும் வச்சிருப்பாக மதினி” என்றாள் அம்மா, முந்தானையை இழுத்துப் பிடரியைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு.